கூட்டாளிக்குப் பதில் மறுமுனை

முதலில் வாயை மூடிக்கொண்டவன் சவரிமுத்து. அதற்கப்புறம் எத்தனையோ பேர் மூடிக்கொண்டார்கள். கம்பி இழுக்கிற கான்ட்ராக்ட் எடுத்த அழகப்பன், கூட வேலை செய்த பதினோரு பேர், தங்கையைப் பெண் கேட்டு வந்துவிட்டு அப்புறம் வராமலே போன லால்குடிக்காரர்கள். எல்லாரும் வரிசையாக மனசில் இருந்தார்கள். ஆனால் முதல் ஆள் சவரிமுத்து, அந்த வரிசையைக் காத்தவராயன் முப்பத்தொரு வருஷமாக மாற்றவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரிக் கணினிக்கூடத்தின் பின்னறையில், பழைய மானிட்டர்களை அடுக்கி வைத்திருந்த மூலையில், மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, லிப்கோர்டா என்கிற நிரலகத்தின் விவரத்தைத் திருத்த உட்கார்ந்தபோதும் அவன்தான் முதலில் நினைப்பில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். லிப்கோர்டா வேறொன்றுமில்லை, இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு உதவும் ஒரு கட்டு நிரல். அதை ஒரு பொதியாகக் கட்டிக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமே, அதற்காக ஒவ்வொரு பொதியின் மேலும் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு விவரம். அதைத் தமிழில் எழுதுகிறவர்களில் காத்தவராயன் ஒருவர். வீட்டில் பவளக்கொடியிடம் இதை ஒருநாள் பொறுமையாக விளக்கியபோது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "பொதி சரி, அப்ப கழுதை யாரு?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவளிடம்கூடச் சிரித்துக் காட்டாமல் இருந்து பழகிவிட்டார்.

எட்டாம் வகுப்பு. அதுவும் பாதியில். இங்கிலீஷ் எழுத்துகளைக் கேபிள் சுருளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்துத்தான் படித்தார். தந்திக்கம்பத்துக் கம்பி வேலை போனபின் கல்லூரிகளுக்குக் கணினி வயர் இழுக்கப் போனார். இந்தக் கல்லூரியில் கூரைக்குள் ஊர்ந்து ஊர்ந்து நூற்றிருபது மேசைக்கு வயர் இறக்கினார், இறக்கினவரையே பராமரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். வயருக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. அகராதியும் கையுமாக உட்கார்ந்தார். முதல் வருஷம் அவர் செய்த கூத்து இன்றைக்கும் குழுவில் ஓடுகிறது. நிரலகத்துக்கு நூலகம் என்று போட்டார், கணினியின் போர்ட்டைத் துறைமுகம் என்று எடுத்து 'இந்த நூலகத்தைத் திறக்க மூன்று துறைமுகங்கள் தேவை' என்று ஒரு வரி எழுதினார், பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் நிரலுக்கு அகராதியைப் பார்த்துப் பேய் என்று எழுதி, 'பேயை நிறுத்திவிட்டுக் கணினியை அணைக்கவும்' என்று எச்சரித்தார். ஓசூரிலிருந்து குழுவை நடத்தும் ஹேமலதா போன் போட்டுச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். ஆனால் அவரை விலக்கவில்லை. "ஐயா, நீங்க எழுதுறது மட்டும்தான் எங்கம்மாவுக்குப் புரியுது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினொரு வருஷமாக எழுதுகிறார். அவள்தான் புள்ளியையும் சொல்லிக்கொடுத்தாள். விவரத்தில் ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி வரும் இடத்தில் வெறும் வரி விடக்கூடாது. ஓர் இடம் தள்ளி ஒரு புள்ளி வைக்கவேண்டும். வெறும் வரியாக விட்டால் பொதியின் பேச்சு அத்தோடு முடிந்தது என்று கணினி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அவர் ஒருமுறை அப்படி விட்டுப் பாதி விவரம் காணாமல் போனது. சும்மாதான் இருக்கிறேன், இன்னும் பேச்சு பாக்கி இருக்கிறது என்பதற்கு ஒரு புள்ளி. கணினிக்கு அது போதும். சவரிமுத்து அந்த ஒரு புள்ளியைக்கூட வைக்கவில்லையே. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பொங்கலுக்கு, ஒரு கிறிஸ்துமஸுக்கு, எதிரே பஸ்ஸில் போகும்போது ஒரு தலையசைப்பு இல்லை. நான் வைத்தேனா என்று இன்னொரு குரல் கேட்டது. நான் ஏன் வைக்கணும். நான் ஏன் வைக்கணும் என்று அவர் உதடு அசைந்தது.

மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது. காலை எட்டு மணிக்கு வந்த செய்தியை அவர் நாலு தடவை படித்துவிட்டார். சவரிமுத்துவின் மகள் ஜெசிந்தா அனுப்பியது. 'மாமா, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து ரெண்டு மாசம் ஆகுது. இன்னைக்குப் பேச்சு தெளிவா வருது. இன்னொரு தடவ வந்தா பேச்சே வராதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு ரெண்டு நாளா கேக்குறாரு. மத்தியானத்துக்குள்ள கூப்பிடுங்க.' ஒரு விஷயம். அந்த ஒரு விஷயம் என்ன என்று காத்தவராயனுக்குத் தெரியும். அதைத் தவிர அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வேறென்ன இருக்கிறது. தப்புப் பண்ணிட்டேன் காத்தா. மூன்று சொல். அதை அவன் எப்படிச் சொல்வான் என்று அவர் எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அழுதுகொண்டே, தலைகுனிந்து, டீக்கடை பெஞ்சில், கோர்ட்டில் நிற்பதுபோல் நின்று. படுக்கையில் கிடந்து போனில் சொல்வான் என்று மட்டும் நினைத்ததில்லை. அதனால் என்ன, சொன்னால் சரி. கூப்பிட வேண்டியதுதான். இந்தப் பத்தியை முடித்துவிட்டுக் கூப்பிடலாம். அவர் திரையைப் பார்த்தார். திருத்த வேண்டியவை நான்கு பொதிகள், நான்கிலும் முதல் பத்தி ஒன்றுதான். புதிய பதிப்பு வந்துவிட்டது, ஒரு மணிக்குக் களஞ்சியத்தின் கதவை மூடுகிறார்கள், அதற்குள் அனுப்பினால் இந்த முறை சேரும், இல்லாவிட்டால் இரண்டு வருஷம் பழைய விவரமே நிற்கும். அந்த முதல் பத்தியில் அவர் பதினொரு வருஷத்துக்கு முன் எழுதிய வரி இருந்தது: கூட்டாளி பதில் தரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். அதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஹேமலதாவின் குறிப்பு: 'கூட்டாளி வேண்டாம், மறுமுனை என்று மாற்றவும். புதிய பதிப்பில் காத்திருப்பதும் இல்லை, இங்கிலீஷைப் பார்க்கவும்.'

கூட்டாளி என்று அவர் சும்மா போடவில்லை. இங்கிலீஷில் 'பியர்' என்று இருந்த சொல்லுக்கு அகராதி நிகரானவர், ஒத்த தரத்தவர், பிரபு என்று என்னென்னவோ சொன்னது. இரண்டு பக்கமும் ஒரே வேலை, ஒரே தகுதி, ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே சொல் கூட்டாளி. கம்பி வேலையில் எப்போதும் ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். இவர் இந்தக் கம்பத்தில், அவன் அந்தக் கம்பத்தில். நடுவில் ரெண்டு மைல் செம்புக்கம்பி. இடுப்பில் தொங்கும் சோதனைப் போனைக் கம்பியில் கவ்வவிட்டுக் காதில் வைத்தால் முதலில் கரகரவென்று சத்தம், பிறகு அவன் குரல், தொண்டையில் கொஞ்சம் மூக்குப்பொடி அடைத்த குரல், "டேய் காத்தா, என்னடா அங்க காக்கா கூடா கட்டுற, கம்பிய இழுடா" என்று. ஏழு வருஷம். அவன் தும்மினால் இவருக்குத் தெரியும். கம்பி அறுந்தது எந்தக் கம்பத்துக்கு அப்பால் என்று குரல் மங்குவதைக் கேட்டே இருவரும் சொல்வார்கள். அப்படித்தான் கல்லக்குடியில் அந்தப் பதினாலாந் தேதி. புயலில் சாய்ந்த ஏழு கம்பம், காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை இரண்டு பேரும் கம்பத்தை விட்டு இறங்கவில்லை. அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, லால்குடிக் குடோனிலிருந்து ரெண்டு சுருள் செம்புக்கம்பி போய்விட்டது. காத்தவராயனைப் போல ஒருத்தன் சைக்கிளில் கொண்டுபோனதைப் பார்த்ததாகக் காவல்காரன் சொன்னான். ரொம்பச் சுலபமான விஷயம். அழகப்பன் குடோன் வாசலில் எல்லாரையும் நிற்க வைத்துச் சவரிமுத்துவைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டான். "நாலு மணிக்கு இவன் உன்கூட இருந்தானா?" ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். சவரிமுத்து குறட்டின் கைப்பிடியில் உரிந்திருந்த ரப்பரைக் கட்டைவிரலால் நோண்டிக்கொண்டே நின்றான். ரப்பர் சின்னச் சின்னத் துணுக்காக மண்ணில் விழுந்தது. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான். இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்து அறைந்திருக்கலாம், சொன்னாயே என்று கேட்டிருக்கலாம். சொல்லாததைப் பிடித்து எப்படி அறைவது? அடுத்த மாசம் அவன் மேஸ்திரி. இவர் கம்பித்திருடன். ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போன இடத்தில், சாவு வீட்டில், கம்பித்திருடன்.

போன் மேசையில் அதிர்ந்து ஊர்ந்தது. திருப்பிப் பார்த்தார். ஜெசிந்தா இல்லை, ஹேமலதா.

"ஐயா, என்ன, கூட்டாளிய விட மனசு வரலயா?"

"அந்தச் சொல்லுல என்னம்மா குத்தம்?"

"சொல்லு நல்ல சொல்லுதான். ஆனா நம்ம ஊர்ல கூட்டாளின்னா திருட்டு கேஸ்லதான வருது. 'கொள்ளையன் கூட்டாளியுடன் கைது'. படிக்கிறவங்க பயந்துட மாட்டாங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "சரிம்மா" என்றார்.

"கோவமா ஐயா?"

"கோவம் என்ன கோவம். காத்திருக்கும்ங்கறதையுமா எடுக்கணும்?"

"எடுத்துத்தான ஆகணும், இப்ப அது காத்திருக்கிறதில்ல. ஒன்பது தடவ கூப்பிட்டுப் பாக்குது, பதில் இல்லன்னா ஆள் போயாச்சுன்னு இணைப்ப வெட்டிட்டு அடுத்த வேலையப் பாக்குது. முன்னாடி என்னா பண்ணும், போனவனுக்காக இடத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், நினைவகம் பூரா அடைச்சுக்கும். எத்தன பேரு புகார் பண்ணாங்க தெரியுமா? ஒரு மணிக்குள்ள அனுப்பிடுங்க. சாப்டீங்களா?"

"ஆச்சு" என்று பொய் சொன்னார்.

போனவனுக்காக இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு. அவர் அந்த வரியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தார், அழிக்கவில்லை. ஒன்பது தடவை போதும் என்று எவன் கண்டுபிடித்தான்? பத்தாவது தடவை பதில் வந்தால்? ஜெசிந்தா ரெண்டு நாளில் எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று போனைத் திருப்பி எண்ணினார். ஆறு. ஆறு தடவையும் அவர் போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். வேண்டுமென்றா? இல்லை, கை போகவில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பயம்தான். அவன் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? காலையில் எழுந்ததும் நாக்கில் இருக்கிற அந்தக் கசப்பு இருக்காதே. மகனின் கல்யாணத்தில், கோயிலில், தனியாகச் சைக்கிள் மிதிக்கும்போது கூடவே வந்த அந்தப் பேச்சு, அவனை நிற்க வைத்து இவர் கேட்கும் கேள்விகள், அவன் தலைகுனிவது, எல்லாம் போய்விடுமே. வேலை போனபிறகு அவர் யாரோடும் சிநேகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு விதத்தில் முப்பத்தொரு வருஷமாகத் தினமும் அவர் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் சவரிமுத்துதான். அதை நினைத்ததும் அவருக்குக் கண்ணாடி மங்கியது, கழற்றித் துடைத்தார், மங்கினது கண்ணாடி இல்லை. போகட்டும், போனால் போகட்டும், சுமந்தது போதும், வயசு அறுபத்திரண்டு. அவன் சொல்லட்டும். சொன்னதும் நான் என்ன சொல்வேன்? விடுடா சவரி, அன்னைக்கு உனக்கும் ரெண்டு புள்ளைங்க, உன் பயம் உனக்கு. அதைச் சொல்லும்போது தன் குரல் எப்படிப் பெருந்தன்மையாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தார். நன்றாக இருந்தது. அவசரமாக, யாரோ வந்து தடுத்துவிடுவதற்குள் செய்வதுபோல, பழைய வரியை அழித்தார். மறுமுனை ஒன்பது முறை கேட்டும் பதில் தராவிட்டால் இணைப்பை முடித்துக்கொள்ளும் என்று எழுதினார். எழுதிப் பார்த்தால் ஹேமலதா சொன்னது சரிதான் என்று பட்டது. கூட்டாளி பதில் தராவிட்டால் கோபம் வரும். மறுமுனை பதில் தராவிட்டால் மறுமுனை பதில் தரவில்லை, அவ்வளவுதான். நான்கு பொதியிலும் ஒட்டினார். பத்தி மாறுகிற இடத்தில் எல்லாம் புள்ளி இருக்கிறதா என்று விரலைத் திரையில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பதுக்கு அனுப்பினார். களஞ்சியம் ஏற்றுக்கொண்டதாகப் பச்சையில் ஒரு வரி வந்தது. இனி சாக்கு ஏதும் இல்லை. எழுந்து கதவைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், ஒரு சொல்லும் தவறிப்போகக் கூடாது.

ஜெசிந்தா முதல் மணியிலேயே எடுத்தாள். "மாமா! இருங்க, இருங்க, அப்பா முழிச்சுத்தான் இருக்காரு, காதுல வைக்கிறேன்." துணி உரசும் சத்தம், கட்டில் முனகும் சத்தம். பிறகு மூச்சு. பொடி போட்டுக் கெட்டித்த அதே மூச்சு.

"காத்தா."

"சொல்லு" என்றார். சொல்லு சவரி என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீ வரல." ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக, ஈரமாக வந்தன. "ஆக்னஸ் சாவுக்கு… நீ வரல."

அவருக்கு முதலில் புரியவில்லை. ஆக்னஸ். சவரிமுத்துவின் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால்.

"பவளக்கொடி வந்துச்சு. நீ வரல. பொட்டிய மூடாதீங்க, காத்தான் வருவான்னு… நான் சொன்னேன். பாதர் ரெண்டு தடவ கேட்டாரு. அர மணி நேரம் வச்சிருந்தோம். வெயிலு. உன் மேல அவ்வளவு கோவம்டா எனக்கு. ஆறு வருஷம் வச்சிருந்தேன்." மூச்சு வாங்கினான். ஜெசிந்தா ஏதோ சொல்ல, "இரு, இரு" என்றான். "இப்ப எல்லாத்தையும் விட்டுட்டேன். மனசுல ஒண்ணும் இல்ல. உன்ன மன்னிச்சிட்டேன்டா காத்தா. அதச் சொல்லத்தான்."

காத்தவராயனுக்கு அந்தச் சாவு நாள் கண்முன் வந்தது. அன்றைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தது, பவளக்கொடி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு தடவை கூப்பிட்டது, அவள் போனபின் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தது எல்லாம் வந்தது. ஏழு வருஷம் ஒரே தூக்கில் இரண்டு பேருக்கும் சோறு கட்டி அனுப்பியவள் ஆக்னஸ். இவருக்குக் காரம் ஆகாது என்று குழம்பைத் தனியாக எடுத்து வைத்தவள். இவருக்கு வேலை பறிபோன வாரம் அவள் மட்டும் வந்து, உள்ளே வராமல், வாசற்படியில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அவளுக்கு அவர் போகவில்லை. அது உண்மை. அதில் ஒரு சொல் மறுப்பதற்கு இல்லை. ஆனால் அது இல்லையே. அது இல்லை, அது அப்புறம் வந்தது, முதலில் வந்தது வேறே.

"சவரி" என்றார். "கல்லக்குடியில…"

"என்னது?"

"கல்லக்குடியில, சவரி. அன்னைக்கு நாலு மணிக்கு—"

"குடிச்சேன்டா" என்றான் சவரிமுத்து, சந்தோஷமாக. "கஞ்சி குடிச்சேன். ஜெசி தந்துச்சு. நீ சாப்டியா?"

மறுபடியும் துணி உரசியது. ஜெசிந்தாவின் குரல் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "களைச்சிட்டாரு மாமா. கண்ண மூடிட்டாரு. ரெண்டு மாசத்துல இவ்வளவு நிம்மதியா அவரு மூஞ்சிய நான் பாக்கல. ரொம்ப நன்றி மாமா. நீங்க ஏதாவது சொல்லணுமா? எந்திரிச்சதும் சொல்லிடுறேன்."

முப்பத்தொரு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் அவர் வாய்க்குள் வந்து நெருக்கின. எந்த ஒன்றையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்ப முடியாது. அவள் அப்போது பிறக்கவே இல்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "மாத்திரைய வேளைக்குக் குடு. ஒரே பக்கமா படுக்க விடாத."

வைத்துவிட்டாள். அறையில் காற்றில்லை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் மின்விசிறியைப் போடவில்லை. இருபது மைலுக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலே, அவரை மன்னித்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தான்.